நாலு நாள் என்று போட்டிருந்தேன்

குன்னூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்குத் தேயிலை ஃபேக்டரிகளில் புது மெஷின்களைக் கொண்டுவந்து நிறுத்திக் கொடுப்பதுதான் தொழில். தலைமை அலுவலகம் கோயமுத்தூரில் இருந்தது. மலை மேல் நடக்கும் வேலைகளைக் கவனிக்க பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் மூன்று அறைகள் எடுத்திருந்தார்கள். அதில் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். பிளானிங் அசிஸ்டென்ட் என்று பதவிக்குப் பெயர். எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியவேண்டும் என்று பெரிய தாளில் கட்டம் போட்டு, கலர் பென்சிலால் நிரப்புவேன். அந்தத் தாளைச் சார்ட் என்பார்கள். மெஷினை நான் தொட்டதே இல்லை. ஸ்பேனரைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடத் தெரியாது. ஆனால் நான் கட்டம் போட்டபடிதான் நாற்பது ஆட்கள் நடக்கவேண்டும். இது யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை, எனக்கும் படவில்லை.

காரட்டும் முட்டைக்கோசும் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிலத்தில் பாதியைத் தேயிலைக்கு மாற்றிய வருஷங்கள் அவை. சின்ன விவசாயிகளிடம் பச்சை இலையை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிகள் கோத்தகிரிப் பக்கமும் அரவேணுப் பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. மூன்று குழுக்கள் மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் மெஷின் நிறுத்திக்கொண்டிருந்தன. ஒரு குழு கற்றுக்கொண்டது மற்றக் குழுவுக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் தலைவலி.

இலையை உலர்த்தும் டிரையரை ஏற்றிய லாரி கோத்தகிரி ரோட்டில் ஒரு குறிப்பிட்ட வளைவில் திரும்பாது. அதற்கு முந்தைய திருப்பத்திலேயே டிரையரை இறக்கி இரண்டாகப் பிரித்து ஏற்றவேண்டும். இதை முதல் குழு அரை நாள் மாட்டிக்கொண்டு கண்டுபிடித்தது. இரண்டு மாதம் கழித்து இரண்டாவது குழு அதே வளைவில் அதே அரை நாள் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கித் திட்டிக்கொண்டே நடந்து போனார்களாம். மழைக்காலத்தில் மோட்டாரை இறக்கினால் அன்றே சாக்கைப் போட்டு மூடி, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிடவேண்டும், இல்லாவிட்டால் ஈரம் இறங்கிவிடும் என்பது ஒரே ஒரு எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும். அவர் வயரிங் படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஆபீசுக்கு ஒரு நகல் கொடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "எல்லாம் இங்க இருக்குதுங்க அம்மணி" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவார். அவரை அற்ப மனுஷர் என்று நினைத்தேன். அவர் தலைக்குள் இருப்பது காகிதத்துக்கு வந்துவிட்டால் மறுநாள் அவர் தேவைப்படமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இந்தத் தலைவலிக்கு மருந்து நான் கண்டுபிடித்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் எதற்கும் மருந்து கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும்.

ஒவ்வொரு ஃபேக்டரியிலும் வேலை முடிந்ததும் முதல் இலை பூஜை நடக்கும். பூசணிக்காய் உடைத்து, மெஷினுக்கு மாலை போட்டு, முதல் கூடை இலையைக் கொட்டி ஓடவிடுவார்கள். பொங்கல் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் கிளம்பாமல் இருக்கவேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லி உத்தரவு வாங்கினேன். இலை வாட்டும் நீளத்தொட்டிகளின் விளிம்பில் குழுவே வரிசையாக உட்கார, ஆளுக்கொரு சீட்டு கொடுப்பேன். என்ன தவறு நடந்தது, ஏன் நடந்தது, அடுத்தவன் என்ன செய்யவேண்டும் என்று மூன்று கேள்விகள். பாடச் சீட்டு என்று நான் பெயர் வைத்தேன். எலக்ட்ரீஷியன் அதைப் பாவமன்னிப்புச் சீட்டு என்றார். அவர் வைத்த பெயர்தான் நிலைத்தது.

முதல் தடவை வந்த சீட்டுகளைப் படித்தபோது தலை சுற்றியது. கொத்தனார் தவறு என்று ஃபிட்டர் எழுதியிருந்தார். ஃபிட்டர் தவறு என்று எலக்ட்ரீஷியன் எழுதியிருந்தார். எல்லாரும் சேர்ந்து லாரி டிரைவரைப் போட்டு மிதித்திருந்தார்கள், அவர் சீட்டு எழுத வராதவர். ஆகவே அடுத்த தடவை தொட்டி மேல் ஏறி நின்று இரண்டு விதிகளைச் சொன்னேன். பெயர் எழுதவேண்டாம். அவரவர் தவறை மட்டும் எழுதவேண்டும், அடுத்தவர் தவறைத் தொடக்கூடாது. சீட்டு என் அலமாரியைத் தாண்டி எங்கும் போகாது என்று வாக்கும் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்காமல் நானாகக் கொடுத்த வாக்கு அது.

விதி போட்டதும் சீட்டுகளில் தவறே இல்லாமல் போயிற்று. பனிமூட்டத்தால் தாமதம், மழையால் தாமதம், கரண்ட் போனதால் தாமதம் என்று எழுதினார்கள். நீலகிரியில் இவை மூன்றும் தாராளமாகக் கிடைக்கும். ஒருவர் மட்டும் உண்மையை எழுதினார்.

அவர் ஃபிட்டர் மேஸ்திரி. சிறு வயதில் இலங்கையில் மலையகத் தோட்ட ஃபேக்டரி ஒன்றில் என்ஜின் ரூமில் வேலை செய்தவர். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேறி வந்து, சுற்றி, கடைசியில் குன்னூருக்கு வந்து சேர்ந்தவர். அவர் மனைவி பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில்தான் குடியிருந்தார்கள், மனைவி பெயரில். அவர் அதை லயம் என்றே சொல்வார். ஆபீசில் எல்லாருக்கும் நான் அம்மணி, அவருக்கு மட்டும் மிஸ். என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். எங்கள் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தினக்கூலி மஸ்டரில் இருந்தார். எந்தச் சாயங்காலமும் நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடக்கூடிய வேலை.

அவர் சீட்டு குண்டு குண்டான எழுத்தில் இருக்கும். பெயர் இல்லாவிட்டாலும் யாருடையது என்று பார்த்ததும் தெரியும். "ரோலர் ரெண்டுக்கும் நடுவில் இடைவெளி பார்க்கும்போது அவசரப்பட்டுவிட்டேன். மெஷின் சூடானபிறகு இன்னொரு தடவை பார்க்கவேண்டும்." இப்படி இரண்டு வரிதான். அந்த இரண்டு வரியை வைத்து அடுத்த ஃபேக்டரியில் இரண்டு நாள் மிச்சமாகும். அவர் சீட்டை நான் மேலே வைத்து மற்றதையெல்லாம் அடியில் வைப்பேன். என் திட்டம் பலிக்கிறது என்பதற்கு அவர் ஒருவர்தான் சாட்சி, ஆகவே அவர் மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

அந்த வருஷம் மஸ்டர் ஆட்களில் மூன்று பேரை நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று கோயமுத்தூரிலிருந்து சேதி வந்தது. நிரந்தரமானால் குன்னூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ் உண்டு. மேஸ்திரி பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. அவர் மனைவி முழங்கால் வலி தாங்காமல் அடுத்த வருஷமே எஸ்டேட்டில் ரிட்டயர்மென்ட் வாங்கப்போகிறார், ரிட்டயரானால் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "லயத்த வுடணும் மிஸ். அதுக்குள்ள இது வந்திருச்சின்னா வீட்டு சாமானத் தூக்கி அப்படியே இங்கிட்டு வச்சிரலாம்." சிபாரிசு கேட்கிற குரலில் சொல்லவில்லை. வீடு மாறப்போகிறவர் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

மார்கழியில் கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டி ஒரு ஃபேக்டரியில் வேலை தொடங்கியது. வாடிய இலையை நசுக்கிக் கிழிக்கும் ரோலர் மெஷின்கள் மூன்று. ஒவ்வொன்றும் தரையில் அசையாமல் நிற்கவேண்டும், கொஞ்சம் ஆடினாலும் ரோலர் பற்கள் ஒன்றோடொன்று மோதும். அதற்காகத் தரையில் குழி விட்டு, நீளமான போல்ட்டுகளை அதில் நட்டு, சிமென்ட் கலவை ஊற்றி இறுகவிட்டு, அதன்பிறகு மெஷினை வைத்து முறுக்குவார்கள். கலவை இறுக எத்தனை நாள் விடுவது என்பது என் சார்ட்டில் ஒரு சின்னக் கட்டம். நாலு நாள் என்று போட்டிருந்தேன். கோயமுத்தூரில் ஒரு மில்லுக்குப் போட்ட பழைய சார்ட்டில் நாலு இருந்தது, அதைப் பார்த்து எழுதினேன். அங்கே சித்திரை வெயில், இங்கே மார்கழிப் பனி. கேத்தியில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனவள்தான் நான். அந்தக் குளிர் சிமென்ட்டுக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. ஃபேக்டரிக்குக் கீழே இருந்த கடையிலிருந்து மேஸ்திரிதான் பேசினார்.

"மிஸ், ரா முழுக்கப் பனி உறையுது. கலவ இன்னும் பச்சையாத்தான் இருக்கு, தட்டுனா சத்தமே வேற மாதிரி வருது. நாலு நாள் பத்தாது போல இருக்கே?"

"சார்ட்ல நாலுதாங்ணா போட்டிருக்குது. தை ஒண்ணு பூஜைங்ணா. தேதியை நான் எப்படி மாத்தறது?"



"இன்னைக்கே முறுக்கிரவா, மிஸ்?"

"முறுக்கீருங்ணா."

பக்கத்து அறையில்தான் மேனேஜர் இருந்தார். எழுந்து போய்க் கேட்டிருந்தால் அவர் பூஜையைத் தள்ளியிருப்பாரா என்று தெரியாது, திட்டியிருப்பார் என்பது மட்டும் தெரியும். பனியை யோசிக்காமல் சார்ட் போட்டாயா என்று கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, ஐந்து நிமிஷத்தில் முடிகிற போனை இரண்டு நிமிஷத்தில் முடித்தேன்.

தை ஒன்று அன்று பூஜை ஜோராக நடந்தது. மறுநாள் சீட்டு எழுதியபோது மேஸ்திரி வெற்றுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் ஓடட்டும் மிஸ், பாத்துட்டு எழுதுறேன்" என்றார். மாசி பிறந்து கொஞ்ச நாளில் முதல் மெஷின் ஆடத் தொடங்கியது. பிறகு இரண்டாவது. ஒரு காலையில் ரோலர்கள் மோதிப் பற்கள் உடைந்து இலையோடு இலையாகக் கலந்தன. ஃபேக்டரியை நிறுத்தினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பச்சை இலைச் சாக்குகளோடு விவசாயிகள் நின்றிருந்தார்கள். பறித்த இலை அன்றே அரைபடவேண்டும், இல்லாவிட்டால் குப்பை. வாங்கமாட்டோம் என்று சொன்னதும் ஒரு படுகப் பெண்மணி சாக்கைக் கவிழ்த்து ஃபேக்டரி வாசலிலேயே இலையைக் கொட்டிவிட்டுப் போனார். என்னைப் பார்த்துத் தன் பாஷையில் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாவிட்டாலும் எனக்கு உறைத்தது.

மேஸ்திரியும் ஆட்களும் பழைய கலவையைக் கொத்தி எடுத்துப் புதிதாக ஊற்றினார்கள். இந்தத் தடவை அவர் சார்ட் கேட்கவில்லை. பத்து நாள் விட்டார். மெஷின் சொன்னபடி நின்றது. வேலை முடிந்த அன்று ஆபீசுக்கு வந்து தன் சீட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

"நாலாம் நாள் போல்ட்டை முறுக்கினேன். கலவை இறுகவில்லை என்று கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் முறுக்கினேன். பனி உறையும் காலத்தில் பத்து நாளாவது விடவேண்டும்."

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை வேறு எதையோ தேடிப் படித்தேன். சார்ட் பற்றி அதில் ஒன்றும் இல்லை. போன் பற்றியும் இல்லை. என்னைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டேன். அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஃபேக்டரி முதலாளி காரணம் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தார். மேனேஜர் என் அறைக்கு வந்தார். கோயமுத்தூர்க்காரர், தவறு கண்ணில் படும்வரை அதட்டிப் பேசமாட்டார்.

"ஏனம்மணி, கேத்தில என்னதான் ஆச்சு? உங்க சீட்டு கீட்டுல எவனாச்சும் எழுதியிருக்கானா?"

அலமாரியைத் திறந்து கொடுத்தேன். என் அலமாரியைத் தாண்டாது என்று சொன்ன சீட்டு, கேட்ட அரை நிமிஷத்தில் தாண்டியது. நேர்மையாக எழுதிய ஒருவரை மேனேஜருக்குக் காட்டவேண்டும், அதனால் அவருக்கு நல்லதுதான் நடக்கும் என்று நினைத்துக் கொடுத்ததாக வெகு காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அதில் என் பெயர் இல்லாததால் கொடுத்தேன்.

மேனேஜர் படித்துவிட்டு, "அடேங்கப்பா, பச்சையா ஒத்துக்கிட்டிருக்கானே! யாரு இது?" என்றார்.

சொன்னேன்.

"நல்ல மனுசன்" என்றார். சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானமே அதன் நகல் கோயமுத்தூருக்குப் போயிற்று.

இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் துணிந்து மேனேஜர் அறைக்குப் போனேன். நாலு நாள் என்று போட்டது நான், அவர் போன் செய்து கேட்டார், முறுக்கச் சொன்னதும் நான் என்று மூன்று வாக்கியங்களை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"உங்க சார்ட்ல ஒரு கொறையும் இல்லைன்னு ஹெட் ஆபீசுக்கு எழுதிப் போட்டுட்டேனுங்க அம்மணி. பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை எதுக்குன்னு அங்க ரெண்டு பேரு பேசிக்கிட்டே இருந்தானுக. இனிப் பேசமாட்டானுக. என்ன விசயமா வந்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சார். பென்சில் தீர்ந்துபோச்சுங்க" என்றேன்.

டீயைக் குடித்துவிட்டு, ஒரு டஜன் கலர் பென்சிலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

பதினைந்து நாளில் நிரந்தரப் பட்டியல் வந்தது. மூன்று பெயர்களில் மேஸ்திரி பெயர் இல்லை. "தெரிந்தே தவறு செய்தவர்" என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அவருடைய சொந்த வாக்கியத்தையே எடுத்து அவர் மேல் போட்டிருந்தார்கள். பனிமூட்டம் என்று எழுதிய ஒருவர் நிரந்தரமானார். மழை என்று எழுதிய இன்னொருவரும் ஆனார். மேஸ்திரியை இன்னொரு சீசன் மஸ்டரில் வைத்திருந்துவிட்டு, ஆள் குறைப்பு என்று நிறுத்தினார்கள். கடைசி நாளில் கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்க என் அறைக்கு வந்தார். நான் சார்ட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏதோ கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். "வாறேன் மிஸ்" என்றார். "சரிங்ணா" என்றேன். அவ்வளவுதான். அந்த வருஷ முடிவில் லைன் வீட்டையும் காலி செய்துகொண்டு ஊட்டி காந்தல் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்த மார்கழியில் சார்ட் போட்டபோது நாலை அழித்துப் பத்து என்று எழுதினேன். ஏன் என்று மேனேஜர் கேட்டார். பனிக்காலத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன் என்றேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கோயமுத்தூரிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. மலை வேலைகளுக்கென்று நான் போட்ட தனி அட்டவணையைச் சின்னப் புத்தகமாக அடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். உள்ளே முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று கோயமுத்தூரில் ஒரு ஹாலில் என்னைப் பேச வைத்தார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள். தவறை ஒப்புக்கொள்ளும் பண்பாடு வளரவேண்டும் என்று நான் சொன்ன இடத்தில்தான் அதிகமாகத் தட்டினார்கள்.

சீட்டுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன, நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மேஸ்திரிக்கு நடந்தது மூன்று குழுக்களுக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. அந்தச் சேதியைப் பரப்புவதற்கு எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தன் தவறை எழுதவில்லை. சிலர் போன தடவை எழுதியதையே தேதி மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். அலமாரி நிறைந்து இரண்டாவது அலமாரி வாங்கினோம். பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்கு மேனேஜர் அதைத் திறந்து காட்டுவார். யாரும் ஒரு சீட்டையாவது எடுத்துப் படித்ததில்லை, நல்லவேளை.

வருஷங்கள் ஓடின. கம்ப்யூட்டர் வந்தது. நான் மேனேஜரானேன். தலைமை அலுவலகம் சென்னையிலிருந்து ஒரு ஆலோசகரை அழைத்து வந்தது. பழைய ஆட்கள் தலைக்குள் இருக்கும் அறிவெல்லாம் அவர்களோடு போய்விடுகிறது, அதைப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்று அவர் பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார். மலைப்பகுதிக்கு அந்தத் திட்டத்தின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். யார் யாரிடம் பேசலாம் என்று சூப்பர்வைசர்களைக் கேட்டேன். எல்லாரும் முதலில் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். "காந்தல்ல இருக்காருங்க. அவரு கைய வச்சாருன்னா மெஷின் ஆடாதுங்க."

டேப் ரெக்கார்டரும் நாலு கேசட்டும் ஒரு கிலோ ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனேன். காந்தலில் ஒரு சந்துக்குள் இரண்டு ரூம் வீடு. வாசலில் பிரித்துப் போட்ட பம்ப்செட்டுக்கு முன்னால் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மிஸ். ஒரு சேதி சொல்லியிருந்தா ரோட்டுக்கு வந்திருப்பேனே."

அவர் கோபமாக இருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், நான் வெறும் கையோடு திரும்பவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். அவர் எல்லாவற்றையும் சொன்னார். போல்ட்டைத் தட்டினால் எந்தச் சத்தம் வரவேண்டும், எந்த வாசனை வந்தால் பெல்ட்டைப் பார்க்கவேண்டும், எந்த மாதத்துக் கொழுந்துக்கு ரோலரை எவ்வளவு நெருக்கவேண்டும் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். நான் கேட்க மறந்ததைக்கூட நினைவூட்டிச் சொன்னார். மூன்று கேசட் ஓடியது. அவர் மனைவி டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிங்க மிஸ், ஆறிப்போவுது" என்றார். அந்த அம்மாளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

நாலாவது கேசட் ஓடிக்கொண்டிருந்தபோது அவரே கேத்தி ஃபேக்டரிக்கு வந்தார். பனிக்காலத்தில் பத்து நாள் என்று சொன்னார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்ணா, அன்னைக்கு எனக்குப் போன் பண்ணிக் கேட்டீங்களே. அதை ஏனுங்ணா சீட்டுல எழுதல? எழுதியிருந்தா உங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காதில்லீங்ளா?"

அவர் பம்ப்செட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது ஒங்க தப்பு மிஸ். ஒங்க தப்ப நான் எப்பிடி எழுதுறது? நீங்க எழுதுவீங்கன்னுதான் இருந்தேன். லிஸ்ட்டு வந்த அன்னைக்கு வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். பஸ் போய்விடும் என்று சொல்லி எழுந்தேன். அவர் ரோடு வரைக்கும் கூட வந்து, பஸ் ஏறும்வரை நின்றார்.

நாலு கேசட்டையும் கேட்டுக் கேட்டு நானே டைப் அடித்தேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. இருமினதைக்கூட விடாமல் எழுதினேன், இருபத்திரண்டு பக்கம் வந்தது. என் கடைசிக் கேள்வியையும் அதற்கு அவர் சொன்ன பதிலையும் மட்டும் விட்டுவிட்டேன். ஆலோசகர் படித்துவிட்டு, இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதான் முழுமையான பதிவு, ஒரு வார்த்தைகூட நழுவவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நான் எழுந்து நன்றி சொன்னேன்.